கசிவு

நுழையும்முன்

பெரிய பொறியின் வலிமை அதன் பெரிய உறுப்புகளில் மட்டும் இருப்பதில்லை. இரண்டு இரும்புப் பரப்புகளுக்கு இடையே கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் மெல்லிய தக்கையிலும் இருக்கிறது. மலையடிவாரத்துப் பட்டறை ஒன்றில் இளமையில் கற்ற ஒரு வேலையையும், அவ்வேலையில் நேர்ந்த ஒரு பிழையையும் நினைவுகூரும் தன்னனுபவக் கட்டுரை இது.

கோலத்தருகே ஒரு புள்ளி

சென்ற மார்கழியில் ஒரு நாள் விடியற்காலை. வாசலில் கோலமிட்டு முடித்த என் மனைவி உள்ளே வந்து, “நான் வைக்காத புள்ளி ஒன்று கோலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, வந்து பாருங்கள்” என்றார். சென்று பார்த்தேன். எங்கள் கார் நிற்கும் இடத்தில், தரையில் ஒரு நாணய அளவுக்குக் கரும்பழுப்பு நிறத் துளி. விரலால் தொட்டுத் தேய்த்து முகர்ந்தேன். எஞ்சின் எண்ணெய்.

காருக்கு வயது பதினொன்று. பானெட்டைத் திறந்து கைவிளக்கின் ஒளியில் பார்த்தேன். எஞ்சினின் தலைப்பகுதியை மூடியிருக்கும் வால்வு மூடியின் ஓரம் நெடுக ஈரம் படர்ந்திருந்தது. அந்த ஈரத்தில் புழுதி ஒட்டிக் கரிய விளிம்பு கட்டியிருந்தது. மூடிக்கு அடியிலுள்ள பேக்கிங் தன் ஆயுளை முடித்துக்கொண்டது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

“பட்டறையில் விட்டுவிடலாமே, அப்பா!” என்றாள் கல்லூரியில் படிக்கும் என் மகள். விட்டிருக்கலாம். நல்ல பட்டறைகள் எங்கள் ஊரில் உள்ளன. ஆயினும், இந்த ஒரு வேலையை மட்டும் நான் பிறரிடம் கொடுப்பதில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. அக்காரணத்தை அன்றுவரை நான் அவளிடம் சொன்னதில்லை.

மாமாவின் பட்டறை

அது 1986ஆம் ஆண்டுக் கோடைக்காலம். மேனிலைத் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தேன். வீட்டில் சும்மா இருக்க வேண்டாம் என்று அம்மா என்னை மேட்டுப்பாளையத்திற்கு, தம் தம்பியின் பட்டறைக்கு அனுப்பிவைத்தார். உதகை செல்லும் சாலையோரத்தில், ஒரு புளியமரத்தின் நிழலில், தகரக் கூரையின் கீழ் அமைந்திருந்தது அப்பட்டறை. பின்புறம் பாக்குத் தோப்புகள்; அவற்றுக்கும் அப்பால் நீலமலை. நாள்தோறும் காலையில் மலை இரயில் ஊதும் ஒலி கேட்கும்போது மாமா பட்டறையின் பூட்டைத் திறப்பார்.

அக்காலத்தில் அம்மலைப்பாதையில் ஓடிய வாடகைக் கார்களில் பெரும்பாலானவை அம்பாசிடர்கள். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரைத் தழுவி, மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் உருவாக்கிய கார் அது. 2014ஆம் ஆண்டுவரை அங்கே தயாரிக்கப்பட்டது. 1489 கன சென்டிமீட்டர் கொள்ளளவு கொண்ட அதன் பெட்ரோல் எஞ்சின், பானெட்டைத் திறந்தால் பாத்திரக்கடையைப் போல எல்லா உறுப்புகளையும் வெளிப்படையாகக் காட்டி நிற்கும். கற்க விரும்புபவனுக்கு அதைவிட நல்ல பாடநூல் இல்லை.

மாமா எட்டாம் வகுப்பு வரை படித்தவர். காரின் நோயைக் காதாலும் மூக்காலும் அறிபவர். முதல் மூன்று வாரங்கள் அவர் என் கையில் ஸ்பேனரைத் தரவில்லை. கழற்றிய உறுப்புகளை மண்ணெண்ணெயில் கழுவித் திருப்பூரிலிருந்து மூட்டையாக வரும் பனியன் வேஸ்ட்டால் துடைத்துவைப்பதே என் வேலை. நான் சலித்துக்கொண்டபோது, “தொடைக்கத் தெரியாதவனுக்குக் கழட்டத் தெரியாது மாப்ளே” என்றார். அதன் பொருள் எனக்கு அப்போது விளங்கவில்லை.

மூடியும் தக்கையும்

ஒரு நாள் பட்டறைக்குள் வந்து நின்ற காரைப் பார்த்த உடனேயே, மாமா மூக்கை உறிஞ்சினார். “எண்ணெய் கருகுது. டேப்பட் கவர்ல கசிவு” என்றார். பானெட்டைத் திறந்து எனக்குக் காட்டினார்.

எஞ்சினின் தலைக்குள் வால்வுகள் இருக்கின்றன. எரிபொருளும் காற்றும் உள்ளே வரவும், எரிந்த புகை வெளியேறவும் அவை ஓயாமல் திறந்து மூடுகின்றன. எஞ்சின் நிமிடத்திற்கு மூவாயிரம் முறை சுழலும்போது ஒவ்வொரு வால்வும் ஆயிரத்து ஐந்நூறு முறை, அதாவது ஒரு நொடிக்கு இருபத்தைந்து முறை திறந்து மூடும். இவ்வளவு விரைவாக உரசிக்கொள்ளும் உலோகங்கள் தேயாமல் இருக்க, அடியிலுள்ள தொட்டியிலிருந்து எண்ணெய் மேலேற்றப்பட்டு, வால்வுகளின் மேல் பாய்ந்து, மீண்டும் தொட்டிக்கே வழிந்து செல்கிறது. அந்த எண்ணெய் வெளியே தெறிக்காமலும், வெளிப்புழுதி உள்ளே விழாமலும் காப்பதே வால்வு மூடி. பட்டறை வழக்கில் அது டேப்பட் கவர்.

மூடியும் இரும்பு, தலையும் இரும்பு. எவ்வளவு வழவழப்பாகத் தேய்த்தாலும் இரண்டு இரும்புப் பரப்புகள் ஒன்றோடொன்று முழுமையாகப் பொருந்தா. இடையில் விட்டுக்கொடுக்கும் இயல்புடைய ஒன்று வேண்டும். அதுதான் பேக்கிங். அம்பாசிடரில் அது தக்கையால் ஆனது. அழுத்தினால் அமுங்கும், விட்டால் மீளும், இரும்பின் மேடுபள்ளங்களுக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும். ஆனால், ஆண்டுக்கணக்கில் எஞ்சின் வெப்பத்தில் வெந்து கிடக்கும் தக்கை, மெல்ல மெல்லத் தன் நெகிழ்ச்சியை இழந்து இறுகிவிடும். இறுகிய இடத்தில் கசிவு தொடங்கும்.

“சொட்டு எண்ணெய்தானே என்று விட்டால் என்ன?” என்று கேட்டேன். மாமா மூடிக்குக் கீழே இருந்த கனத்த இரும்புக் குழாயைக் காட்டினார். எரிந்த புகை வெளியேறும் குழாய். மலையேறும்போது அதன் வெப்பம், எண்ணெயின் ஆவி தீப்பற்றும் அளவையும் கடந்துவிடும். அதன்மேல் எண்ணெய் சொட்டினால் முதலில் நாற்றம், பிறகு புகை, அதற்கும் பிறகு எதுவும் நேரலாம்.

பிற்காலத்தில் நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்து நொடிக்கு ஒரு சொட்டு. நாளொன்றுக்கு எட்டு மணி நேர ஓட்டம். ஒரு மில்லிலிட்டருக்கு இருபது சொட்டு என்று கொண்டால், நாளுக்கு 144 மில்லிலிட்டர். ஒரு வாரத்தில் ஏறத்தாழ ஒரு லிட்டர். அளவைப் பார்க்காமல் ஓட்டுபவரின் எஞ்சின், எண்ணெயின்றி வறண்டு இறுகிப்போவதற்குப் பெரிய ஓட்டை எதுவும் தேவையில்லை.

தெரிந்து தெளிவோம்

தக்கை என்பது மத்தியதரைக் கடலின் மேற்குப் பகுதி நாடுகளில் வளரும் ஒருவகை ஓக் மரத்தின் பட்டை. உலகத் தக்கை உற்பத்தியில் ஏறத்தாழப் பாதி போர்ச்சுகலில் கிடைக்கிறது. மரத்தை வெட்டாமல், ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை பட்டையை மட்டும் உரித்தெடுக்கின்றனர். பட்டை மீண்டும் வளர்ந்துவிடும். 1665ஆம் ஆண்டில் ராபர்ட் ஹூக் தம் நுண்ணோக்கியில் தக்கையின் மெல்லிய சீவலை வைத்துப் பார்த்தபோதுதான், தேன்கூட்டின் அறைகளைப் போன்ற நுண்ணறைகளைக் கண்டு அவற்றுக்கு ‘செல்’ என்று பெயரிட்டார். காற்று நிறைந்த அந்த நுண்ணறைகளே தக்கைக்கு அமுங்கி மீளும் ஆற்றலைத் தருகின்றன.

என் முதல் கைவேலை

அதன்பின் மாமா பேக்கிங் மாற்றுவதை நான்கைந்து முறை அருகிருந்து பார்த்தேன். பார்த்ததையே கற்றதாக எண்ணிக்கொண்டேன்.

சித்திரை வெயில் உச்சியில் நின்ற ஒரு நண்பகல். உதிரி உறுப்புகள் வாங்க மாமா கோவைக்குச் சென்றிருந்தார். எங்களுக்கு நன்கு பழக்கமான ஓட்டுநர் ஒருவர் தம் அம்பாசிடரோடு வந்தார். மாமாவைவிடப் பத்து வயது மூத்தவர். சொந்தக் கார் வைத்து ஓட்டுபவர். மாமா அவரை ‘அண்ணா’ என்று அழைப்பார். மூடியில் கசிவு. மாலையில் குன்னூருக்கு ஆட்களை ஏற்றிச் செல்ல வேண்டும் என்றார். “மாமா வர்றவரைக்கும் இருக்கீங்களா?” என்று கேட்டேன். “நேரமில்லீங் தம்பி” என்றார். “நானே மாற்றித் தருகிறேன்” என்று சொல்லிவிட்டேன். பதினேழு வயதில் அப்படிச் சொல்வதில் ஓர் இன்பம் இருக்கிறது.

மூடியின் நடுவிலுள்ள இரண்டு நட்டுகளைக் கழற்றினேன். மூடி எளிதில் வரவில்லை. திருப்புளியை இடுக்கில் கொடுத்து நெம்பினேன். பழைய தக்கை துண்டு துண்டாகப் பிய்ந்துவந்தது. விளிம்பில் கெட்டியாக ஒட்டியிருந்த சில துணுக்குகளைச் சுரண்டப் பொறுமையில்லை. மேலோடு துடைத்துவிட்டுப் புதிய பேக்கிங்கை வைத்தேன். மூடியைப் பொருத்தினேன். மீண்டும் கசிந்துவிடக் கூடாதே என்ற அச்சத்தில், பட்டறையிலேயே நீளமான ஸ்பேனரை எடுத்து, என் வலிமை முழுவதையும் கூட்டி நட்டுகளை இறுக்கினேன். நட்டு நின்ற பிறகும் ஒரு சுற்று.

எஞ்சினை முடுக்கிப் பார்த்தபோது எல்லாம் காய்ந்தே இருந்தது. ஓட்டுநர் என் தோளில் தட்டி, கூலியாகப் பதினைந்து ரூபாய் கொடுத்துவிட்டுச் சென்றார். அது நான் ஈட்டிய முதல் பணம். அன்று மாலை மாமாவிடம் அதை நீட்டியபோது, “நீயே வெச்சுக்க” என்றார். அந்த ரூபாய்களை இரவில் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு உறங்கினேன்.

பர்லியாற்று இரவு

மறுநாள் காலையில் ஒரு லாரியின் பின்னால் கயிறு கட்டி இழுத்துவரப்பட்டது அந்த அம்பாசிடர். பானெட்டின் ஒரு பக்கம் வண்ணம் கருகிக் கொப்பளித்திருந்தது. ஓட்டுநரின் வலக்கையில் துணிக்கட்டு. நடந்ததை அவர் அமைதியாகச் சொன்னார்.

மாலையில் குன்னூரில் ஆட்களை இறக்கிவிட்டு வெறுங்காரோடு திரும்பியபோது, பர்லியாற்றை அடுத்த ஒரு தோட்டத்தின் வாயிலில் நால்வர் கைகாட்டி நிறுத்தியிருக்கின்றனர். பேறுகால வலியில் ஒரு பெண். மேலே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வண்டி இல்லை. ஓட்டுநர் மறுபேச்சின்றிக் காரைத் திருப்பியிருக்கிறார். ஐந்து பேரைச் சுமந்துகொண்டு, கொண்டையூசி வளைவுகளில் குறைந்த கியரில் கார் மூச்சுவாங்க ஏறியிருக்கிறது. மேட்டில் ஏறும்போது காரின் முகம் உயர்ந்திருக்கும். மூடிக்குள் இருக்கும் எண்ணெய் பின்பக்கமாகத் தேங்கும். அங்கேதான் நான் சுரண்டாமல் விட்ட பழைய தக்கைத் துணுக்கு இருந்தது.

வளைவு ஒன்றில் பானெட்டின் இடுக்குகளிலிருந்து வெண்புகை எழுந்திருக்கிறது. நிறுத்தித் திறந்தால் புகைக்குழாயின் மேல் தீ நாக்கு. எண்ணெய்த் தீயில் நீரை ஊற்றலாகாது என்பதை அறிந்தவர் அவர். டிக்கியிலிருந்த சாக்கைப் போர்த்தியும், சாலையோர மண்ணை வாரி வீசியும் தீயை அடக்கியிருக்கிறார். கையில் கொப்புளம் கண்டது அப்போதுதான். இருட்டில், காட்டுச்சாலையில், அந்தப் பெண்ணை மண்திட்டில் அமரவைத்துவிட்டு, வேறு வண்டிக்காகக் காத்திருந்திருக்கின்றனர். காய்கறி ஏற்றுவதற்காக வெறுமையாக மலையேறிய லாரி ஒன்று வந்து நின்றது. அதன் ஓட்டுநர் இருக்கைக்கு அருகில் அமர்த்தி அவரைக் குன்னூருக்குக் கொண்டு சேர்த்தனர்.

“பின்ராத்திரி பொண்ணு பொறந்திருக்குது. தாயும் பிள்ளையும் சொகம். சாமி புண்ணியம்” என்று முடித்தார் ஓட்டுநர். எத்தனை நேரம் காத்திருந்தீர்கள் என்று மாமா கேட்டார். “ஒரு முக்கால் மணி நேரம் இருக்கும்” என்றார் அவர். அந்த முக்கால் மணி நேரத்தை நான் இன்றுவரை என் கணக்கில்தான் எழுதி வைத்திருக்கிறேன்.

சொல்லத் தயங்கிய சொல்

ஓட்டுநர் என்னைக் குறைகூறவில்லை. “பேக்கிங்தான் மட்டமான சரக்கு போலிருக்குதுங்க” என்றார். மாமாவும் மூடியின் விளிம்பில் பிதுங்கி நின்ற தக்கையைப் பார்த்துவிட்டு, “ஆமாங்ணா. கடைக்காரன் பழசைத் தள்ளிவிட்டுட்டான். இப்பவே போய்க் கேக்கறேன்” என்று சட்டையை மாட்டிக்கொண்டார்.

நான் வாய் திறக்கவில்லை. பேக்கிங் பழையதன்று என்பது எனக்குத் தெரியும். நேற்று நான் உறையைப் பிரித்தபோது அது பதமாகவும் மென்மையாகவும் இருந்தது. தவறு எங்கே நேர்ந்தது என்று முழுமையாக விளங்காவிட்டாலும், அது என் கைகளில்தான் நேர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால், இரண்டு பெரியவர்கள் தாமாகவே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துத் தந்திருக்கும்போது அதன் பின்னால் ஒளிந்துகொள்வது எளிதாக இருந்தது. நான் பொய் சொல்லவில்லையே, பேசாமல்தானே இருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மாமா மிதிவண்டியின் பூட்டைத் திறந்தார். அவர் போய்க் கேட்கப்போகும் கடைக்காரரை எனக்குத் தெரியும். வயதானவர், நான் போகும்போதெல்லாம் கணக்கில் எழுதிக்கொண்டு, பணம் பிறகு வரட்டும் என்று பொருளைக் கொடுத்தனுப்புபவர். கடைவாசலில் நாலு பேர் நடுவில் அவர் தலைகுனிந்து நிற்பதை என் மனம் கண்டது. ஓடிச்சென்று மிதிவண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

“பேக்கிங் நல்லதுதான் மாமா. நான்தான் சரியாச் சுரண்டலை. பெரிய ஸ்பேனரைப் போட்டு முறுக்கிட்டேன்.”

மாமா என்னைச் சிறிது நேரம் பார்த்தார். ஓட்டுநரும் பார்த்தார். புளியமரத்தில் காகம் கரைந்தது நினைவிருக்கிறது. மாமா மிதிவண்டியை மீண்டும் சுவரில் சாய்த்துவிட்டுச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

“சரி, கழட்டு” என்றார்.

மறுபடியும்

அன்று மாமா ஒரு வேலையையும் தம் கையால் செய்யவில்லை. சொல்லச் சொல்ல நான் செய்தேன். ஓட்டுநர் அருகில் ஒரு பெட்டியின் மேல் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில், ஆறிய எஞ்சினின் வெளிப்புறத்தை மண்ணெண்ணெய்த் துணியால் துடைக்கச் சொன்னார். மூடியைத் திறந்தபின் ஒரு மணல் துகள் உள்ளே விழுந்தாலும் அது எண்ணெயோடு சுற்றி உலோகத்தை அரிக்கும் என்றார். துடைக்கத் தெரியாதவனுக்குக் கழற்றத் தெரியாது என்ற சொல்லின் பொருள் அப்போது விளங்கியது. நட்டுகளைக் கழற்றிய பின், திருப்புளியைத் தொட விடாமல், மூடியின் பக்கங்களில் மரச்சுத்தியலால் மெல்லத் தட்டச் சொன்னார். மூடி தானாகவே இளகி வந்தது.

அதை ஒரு தடித்த கண்ணாடிப் பலகையின் மேல் குப்புற வைத்தார். மூடி ஆடியது. ஒரு முனையை அழுத்தினால் மறுமுனை எழுந்தது. “நடுவுல ரெண்டு நட்டு. நீ நடுவுல அமுக்க அமுக்க, ஓரம் நெளிஞ்சு தூக்கிக்கும். இறுக்கினா கசியாதுன்னு நெனச்சே. நீ இறுக்கினதாலதான் கசிஞ்சுது” என்றார். மரக்கட்டையின் மேல் வைத்துச் சிறிது சிறிதாகத் தட்டி, கண்ணாடியில் வைத்துப் பார்த்து, மீண்டும் தட்டி, மூடியை நேராக்க எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

பிறகு விளிம்பிலிருந்த பழைய தக்கையையும் காய்ந்த பசையையும் துளியும் விடாமல் சுரண்டி எடுத்தேன். தலைப்பக்க விளிம்பைச் சுரண்டும்போது துணுக்குகள் உள்ளே விழாதவாறு சுத்தமான துணியால் மூடிக்கொண்டேன். எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் இரண்டு பரப்புகளையும் துடைத்து உலர்த்தினேன். மூடியின் பக்கம் மட்டும் ஷெல்லாக் பசையை மெல்லிதாகத் தடவி, சற்றே ஒட்டும் பதம் வந்தபின் புதிய தக்கையை அதில் பதித்தேன். தலைப்பக்கத்தில் பசை தடவக் கூடாது. தடவினால் அடுத்த முறை மூடி பிய்ந்துதான் வரும். ஷெல்லாக் என்பது வேறொன்றுமன்று. புரசு, இலந்தை போன்ற மரங்களின் கிளைகளில் வாழும் சிறு பூச்சிகள் சுரக்கும் அரக்கு. ஒரு மரத்தின் பட்டையும் ஒரு பூச்சியின் அரக்கும் சேர்ந்து ஓர் இரும்புப் பொறியைக் காக்கின்றன என்பது அன்று எனக்கு வியப்பாக இருந்தது, இன்றும் வியப்புத்தான்.

நட்டுகளுக்கு அடியிலிருக்கும் ரப்பர் வளையங்களையும் புதிதாக மாற்றச் செய்தார். பிறகு மிகச் சிறிய ஸ்பேனர் ஒன்றை என்னிடம் கொடுத்தார். முதலில் விரலால் திருகி, பின் இந்த நட்டில் கால் சுற்று, அந்த நட்டில் கால் சுற்று என்று மாற்றி மாற்றி இறுக்கினேன். தக்கை சற்றே பிதுங்கத் தொடங்கியதும், “போதும்” என்றார். “இன்னும் கொஞ்சம்?” என்று கேட்டேன். “போதும்னு சொன்னா போதும். பேக்கிங்குக்கும் மூச்சு விட எடம் வேணும்.”

மூடியிலிருந்து காற்று வடிகட்டிக்குச் செல்லும் குழாயையும் கழற்றிப் பார்க்கச் சொன்னார். உள்ளே கரியும் பிசினும் அடைத்திருந்தன. எரிந்த புகையில் ஒரு சிறு பங்கு எப்போதும் எஞ்சினின் உள்ளறைக்குள் கசியும். அது வெளியேற வழி இல்லாவிட்டால் உள்ளே அழுத்தம் பெருகும். எவ்வளவு நல்ல பேக்கிங்காயினும் எண்ணெயை வெளியே தள்ளிவிடும். கசிவைக் கண்டால் பேக்கிங்கை மட்டும் பார்க்காதே, மூச்சுக் குழாயையும் பார் என்பது அன்றைய இரண்டாம் பாடம்.

தீயில் கருகிய ஒயர்களை மாற்றி, அளவுக் கம்பியின் இரண்டு கோடுகளுக்கு இடையே நிற்குமாறு எண்ணெயை நிரப்பி, எஞ்சினை அரைமணி நேரம் ஓடவிட்டு, வெள்ளைத் துணியால் மூடியின் விளிம்பைச் சுற்றித் துடைத்தேன். துணி வெள்ளையாகவே இருந்தது. தலையணைக்கடியில் இருந்த பதினைந்து ரூபாயைக் கொண்டுவந்து ஓட்டுநரிடம் நீட்டினேன். அவர் வாங்கிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக்கொண்டதற்காக நான் அவரிடம் இன்றும் நன்றியுடையவனாக இருக்கிறேன். கட்டுப்போட்ட கையால் என் தலையைத் தொட்டுவிட்டு, “அடுத்த தடவையும் தம்பிகிட்டத்தான் வருவேன்” என்று சொல்லிச் சென்றார். சொன்னபடியே வந்தார்.

பனிநீரில் ஒரு வளையம்

அவ்வாண்டு நான் பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் சேர்ந்தேன். பிற்காலத்தில் அங்கேயே ஆசிரியனானேன். மாணவர்களுக்குக் கசிவுத் தடுப்பு உறுப்புகளைப் பற்றிப் பாடம் நடத்தும்போதெல்லாம் ஒரு நிகழ்ச்சியைச் சொல்வேன். 1986ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள், அமெரிக்காவின் சேலஞ்சர் விண்ணோடம் புறப்பட்ட 73ஆம் நொடியில் சிதறியது. அதிலிருந்த எழுவரும் உயிரிழந்தனர். உந்துகலனின் இணைப்பில் இருந்த ரப்பர் வளையம், அன்றைய கடுங்குளிரில் நெகிழ்ச்சி இழந்து, இடைவெளியை மூடத் தவறியதே காரணம். விசாரணைக் குழுவில் இடம்பெற்றிருந்த இயற்பியலாளர் ரிச்சர்டு ஃபெயின்மன், அந்த ரப்பரின் ஒரு துண்டை இடுக்கியால் அழுத்திப் பனிநீர்க் குவளையில் இட்டு, எடுத்து விடுவித்துக் காட்டினார். அது உடனே பழைய வடிவுக்கு மீளவில்லை. அனைவரும் பார்த்துக்கொண்டிருக்கச் செய்த அந்த எளிய சோதனை, பக்கம் பக்கமான அறிக்கைகளைவிடத் தெளிவாகப் பேசியது.

அந்த இணைப்பைப் பற்றி அஞ்சிய பொறியாளர்கள் ஏவுதலுக்கு முந்தைய இரவே எச்சரித்திருந்தனர். அவர்களின் சொல் ஏற்கப்படவில்லை. வளையம் தவறியது ஒரு பிழை. தெரிந்ததைக் கேளாமல் விட்டது மற்றொரு பிழை. இந்த இடத்திற்கு வரும்போது, மிதிவண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்ற சிறுவன் எனக்கு நினைவுக்கு வருவான். அவனைப் பற்றி மாணவர்களிடம் நான் சொன்னதில்லை.

போதும்

மார்கழிப் புள்ளியைக் கண்ட ஞாயிற்றுக்கிழமை, என் மகளிடம் முதன்முறையாக எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கைவிளக்கைப் பிடித்துக்கொள்ள, நாங்கள் இருவரும் வேலையைத் தொடங்கினோம்.

இக்காலத்துக் கார்களில் தக்கை இல்லை. மூடியின் பள்ளத்தில் படியும் வார்ப்பு ரப்பர் வளையம் வந்துவிட்டது. இரண்டு நட்டுகளுக்கு மாறாக மூடியைச் சுற்றிலும் பல போல்ட்டுகள் உள்ளன. நடுவில் தொடங்கி ஓரத்தை நோக்கி, கையேட்டில் உள்ள வரிசைப்படியே இறுக்க வேண்டும். சக்கரத்தின் நட்டுகளுக்கு ஏறத்தாழ 100 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை தேவை. வால்வு மூடியின் போல்ட்டுகளுக்கோ பெரும்பாலும் அதில் பத்தில் ஒரு பங்கு போதும். அளவு காட்டும் ஸ்பேனர்களும் வந்துவிட்டன. சிலிக்கான் பசையைக் கையேடு சொல்லும் மூலைகளில் மட்டும் ஒரு பொட்டு வைக்க வேண்டும். வாரிப் பூசினால், உள்ளே பிதுங்கிய பசை உதிர்ந்து எண்ணெய் செல்லும் வழிகளை அடைத்துவிடும். வடித்த பழைய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாமல், சேகரிப்போரிடம் சேர்க்க வேண்டும். கருவிகள் மாறினாலும் பணியின் இயல்பு மாறவில்லை: தூய்மை, பொறுமை, அளவு.

மகள் வெளிப்புறத்தைத் துடைத்தாள். நான் போல்ட்டுகளைக் கழற்றினேன். பழைய ரப்பர் வளையம் நெகிழ்ச்சியற்று, வளைத்தால் ஒடியும் குச்சியைப் போலிருந்தது. பள்ளத்தைச் சுத்தம் செய்து புதியதைப் பதித்தோம். மூச்சுக் குழாயையும் பார்த்தோம். இறுக்கும் வேலையை அவளிடமே கொடுத்தேன். ஒவ்வொரு போல்ட்டிலும் ஸ்பேனர் ‘டக்’ என்று ஒலித்தபோது நிறுத்தினாள். கடைசிப் போல்ட்டை முடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“இன்னும் கொஞ்சம் இறுக்கட்டுமா, அப்பா?”

“போதும்” என்றேன்.

எஞ்சின் அரைமணி நேரம் ஓடியது. அவள் ஒரு வெள்ளைத் துணியை எடுத்து மூடியின் விளிம்பைச் சுற்றித் துடைத்து, விளக்கொளியில் விரித்துப் பார்த்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள். நானும் பார்த்தேன். பர்லியாற்றுச் சாலையில் அன்றிரவு காத்திருந்த தாயின் மகளுக்கு இப்போது முப்பத்தைந்து வயதுக்கு மேல் ஆகியிருக்கும். அவர் யாரென்று எனக்குத் தெரியாது. துணியை மடித்து மகளிடமே கொடுத்துவிட்டு, கருவிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டிக்குள் வைக்கத் தொடங்கினேன்.